சிறு தொட்டிக்கு ஏற்ற கடல் மீன்கள்

பத்து காஜா என்னும் பெயருக்கு யானைக்கல் என்பது பொருள். பத்து என்பது மலாய்ச் சொல். காஜா என்பது ‘கஜம்’ என்னும் வடசொல்லின் வழி வந்தது. கல்லால் பெயர் பெற்ற இவ்வூர் அமைந்திருக்கும் கிந்தாச் சமவெளியின் சுண்ணாம்புக் குன்றுகளோ, ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தவை. 25 கோடி ஆண்டுகட்கும் முன்னர் வாழ்ந்த பவள உயிர்கள், சிப்பிகள் முதலியவற்றின் ஓடுகள் படிந்து இறுகியே அக்கல் உருவாயிற்று. அந்தக் கடல் போய்விட்டது. இன்று பத்து காஜாவில் இருப்பவர் கடலைக் காண விரும்பினால் லூமுட் வரை செல்லவேண்டும்.

ஆயினும், கடல் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கும் ஆசை உள்நாட்டு ஊர்களிலும் பரவியிருக்கிறது. 2003இல் வெளிவந்த ‘நீமோ’ திரைப்படத்தைக் கண்ட பிள்ளைகள் செம்மஞ்சள் உடலில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைக் கேட்கின்றனர். பள்ளியில் அறிவியல் மூலையை அழகுபடுத்த எண்ணும் ஆசிரியர்களும் கேட்கின்றனர். அவ்வாறு வாங்கப்பெறும் மீன்களுள் பல, ஒரு திங்களைக் காண்பதில்லை. காரணம் வளர்ப்பவரின் அன்புக் குறைவு அன்று. பெரும்பாலும் தேர்வில் நேர்ந்த பிழையே.

இவ்வட்டாரத்து மக்களுக்கு மீன் வளர்ப்புப் புதிதன்று. தஞ்சோங் துவாலாங் அருகே இன்று காட்சிப் பொருளாக நிற்கும் ஈயக் கப்பல் 1938இல் கட்டப்பெற்று 1982 வரை மண்ணை அகழ்ந்தது. அத்தகைய கப்பல்களும் லம்பங்களும் விட்டுச் சென்ற பள்ளங்களில் நீர் தேங்கிற்று, மீன் பெருகிற்று. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்த திலாப்பியா, தோட்டத்து மக்களின் பசிக்கு உதவிய மீன். கப்பியையோ சண்டை மீனையோ போத்தலில் இட்டு வளர்த்துப் பாராத தோட்டச் சிறுவர் அரியர். இந்தப் பழைய பழக்கமே கடல் மீன் வளர்ப்பில் தடையாக வந்து நிற்கிறது. நன்னீர் மீன் பொறுத்துக்கொள்ளும் பிழைகளைக் கடல் மீன் பொறுப்பதில்லை. ஏன் பொறுப்பதில்லை என்பதை அறிந்தால், எந்த மீனைத் தேர்வது என்பதும் தானே விளங்கும்.

ஊறுகாய்ச் சாடியில் உப்பிட்ட மாங்காய் நீர் விட்டுச் சுருங்குவதை அனைவரும் அறிவர். உப்பு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் ஈர்க்கப்படுவது இயற்கை. கடல் மீனின் குருதியில் உள்ள உப்பு, கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகவே அதன் உடலிலிருந்து நீர் செவுள்களின் வழியே ஓயாது வெளியேறுகிறது. நீரின் நடுவிலேயே வாழும் அம்மீன் தாகத்தோடு வாழ்கிறது எனலாம். அது கடல்நீரைக் குடிக்கிறது. குடித்த நீரோடு வந்த மிகை உப்பைச் செவுளில் உள்ள சிறப்புயிரணுக்களின் வழியே வெளியே தள்ளுகிறது. சிறுநீரை மிகக் குறைவாகவே கழிக்கிறது. நன்னீர் மீனுக்கு நிலைமை நேர்மாறு. அதன் உடலுக்குள் நீர் தானே புகுகிறது; அதனால் அது குடிப்பது மிகச் சிறிது, கழிப்பது மிகுதி. திலாப்பியா, மோலி போன்ற சில மீன்கள் மட்டும் இரு வகை வாழ்வுக்கும் தம் செவுளை மாற்றிக்கொள்ள வல்லன. பெரும்பாலான கடல் மீன்களுக்கு அவ்வாற்றல் இல்லை. உப்பின் அளவு திடீரென ஏறினாலும் இறங்கினாலும் அவற்றின் உடல் திணறுகிறது.

இனி, தொட்டியின் சிறுமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 75 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீர் ஆழம் கொண்ட தொட்டியில் 105 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் இட்டபின் எஞ்சும் நீர் அதனினும் குறைவு. எளிமைக்காக 100 லிட்டர் என்று கொள்வோம். லிட்டருக்கு 35 கிராம் வீதம் அதில் மூன்றரைக் கிலோ உப்பு கரைந்திருக்கிறது. பத்து காஜாவின் வெயிலில், மின்விசிறியும் சுழலும் அறையில், சில நாள்களில் 10 லிட்டர் நீர் ஆவியாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவியாவது நீர் மட்டுமே; உப்பு போவதில்லை. அதே மூன்றரைக் கிலோ உப்பு இப்போது 90 லிட்டரில் நிற்கிறது. லிட்டருக்கு 35 கிராமாக இருந்தது 39ஐ எட்டிவிட்டது. இங்கே பலரும் செய்யும் தவறு, குறைந்த அளவுக்கு மீண்டும் உப்புநீரையே ஊற்றுவது. ஊற்ற வேண்டுவது குளோரின் நீக்கிய நன்னீரே. அதையும் நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். உப்புநீர் ஊற்றுவது, தொட்டிநீரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புதுநீர் மாற்றும் நாளில் மட்டுமே.

‘லூமுட்டிலிருந்து கடல்நீரையே கலனில் கொணரலாமே’ என்று கேட்பார் உளர். சென்னைக் கடற்கரையில் 1909இல் அமைந்து இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பெற்ற பழைய மீன் காட்சியகத்திற்குக் கடல் வாயிலிலேயே இருந்தது. பேராக் கரையின் நிலை வேறு. மலாக்கா நீரிணையின் கரையோர நீர் சேறு கலந்தது. ஆறுகள் பல அதில் விழுகின்றன. பெருமழைக்குப் பின் அதன் உப்பு குறைந்துவிடுகிறது. பவளப்பார் மீன்களுக்கு அது ஏற்றதன்று. கடைகளில் விற்கும் கடலுப்புக் கலவையைக் குளோரின் நீக்கிய குழாய்நீரில் கரைத்து, உப்பளவு காட்டும் கருவியால் அளந்து வைத்துக்கொள்வதே நன்று. சமையல் உப்பு உதவாது. கடல்நீரில் உள்ள மக்னீசியம், கால்சியம் முதலியன அதில் போதிய அளவு இல்லை.

உப்பைக் காட்டிலும் கொடியது, கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா. மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுளின் வழியே அம்மோனியாவாக வெளியிடுகிறது. தின்னாது எஞ்சிய இரையும் அழுகி அதையே தருகிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேறித் தொழிலைத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முன்னை நாள்களில், மலிவான மீன் ஒன்றை விட்டு அந்த வாரங்களை ஓட்டச் சொல்வர். அம்மீன் செவுள் வெந்து வாழும், அல்லது சாகும். இன்று அது வேண்டுவதில்லை. மீனில்லாத தொட்டியில் நாள்தோறும் சிறிது மீன் இரையை இட்டு அழுகவிட்டாலே நுண்ணுயிர்கள் பெருகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லை என்று சோதனை காட்டிய பின்னரே முதல் மீன் வரவேண்டும். அம்மோனியா, காரத்தன்மை கூடிய நீரில் மிகுதியும் நச்சு வடிவில் நிற்கிறது. கடல்நீரோ காரத்தன்மை உடையது. லம்பக் குட்டை மீனுக்குத் தீங்கு செய்யாத அளவு கடல் மீனைக் கொன்றுவிடுவது இதனாலேயே. போதாக்குறைக்கு, ஒரே வெப்பத்தில் கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே உயிர்வளியை ஏற்கிறது. இடிமழையில் மின்சாரம் நின்றுபோனால், நெருக்கமாக மீன் வைத்த தொட்டி ஓரிரவில் காலியாகக்கூடும். மின்கலத்தால் இயங்கும் காற்றுக்குழல் ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பது இவ்வூர்க்கு மிகத் தேவை.

இத்தனையும் ஒரு முடிவுக்கு இட்டுச் செல்கின்றன: நூறு லிட்டர்த் தொட்டியில் மூன்று மீன், மிஞ்சினால் நான்கு. அந்த மூன்றை அழகைக் கொண்டும் விலையைக் கொண்டும் தேர்வது வழக்கம். கடையில் காணும் அளவைக் கொண்டு தேர்வோரும் உளர். இவை எல்லாவற்றிற்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடலிலே அந்த மீன் எவ்வளவு இடத்தைத் தன் உலகமாகக் கொண்டு வாழ்கிறது? கடலிலேயே சிறு இடத்தில் ஒடுங்கி வாழும் மீனுக்குச் சிறு தொட்டி சிறையாவதில்லை. நாள் முழுதும் நீந்தித் திரியும் மீனுக்கு எத்தனை அன்பு காட்டினும் அது சிறைதான்.

கோமாளி மீன் இதற்கு முதற்சான்று. கடற்சாமந்தி என்னும் பூப்போன்ற உயிரின் நச்சு விரல்களுக்கிடையே குடியிருக்கும் இது, அதை விட்டுச் சில முழத்துக்கு மேல் அகல்வதில்லை. மற்ற மீன்களைக் கொட்டும் அவ்விரல்கள் இதனைக் கொட்டுவதில்லை. இதன் தோலின்மேல் உள்ள வழவழப்பே காப்பாகிறது. மலேசியக் கடல்களிலும் வாழும் ஓசெல்லாரிஸ் என்னும் இனம் 8 செ.மீ. அளவே பெரிதும் வளர்வது. நல்ல பேணுகையில் இருபது ஆண்டு கடந்தும் வாழ்ந்ததுண்டு. இதன் குடும்ப முறை வியப்பானது. ஒரு சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், ஏனையவை பருவமடையாதவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறுகிறது. அடுத்துள்ள சிறிய மீன் ஆணாகிறது. ஆகவே சோடி வேண்டுவோர் ஒத்த அளவுள்ள இரண்டு பெரிய மீன்களை வாங்கிப் போரை மூட்டவேண்டா. ஒன்று சற்றுப் பெரிதும் ஒன்று சிறிதுமான இரு இளமீன்களை வாங்கினால் போதும். முறையை அவையே வகுத்துக்கொள்ளும். கோமாளி மீனுக்குக் கடற்சாமந்தி கட்டாயம் வேண்டும் என்பது தவறான எண்ணம். அது கொள்ளை மீன்களிடமிருந்து காக்கும் கோட்டை. கொள்ளையர் இல்லாத தொட்டியில் கோட்டைக்கு வேலை இல்லை. சாமந்திக்கோ வலிய ஒளியும் பழுத்த தொட்டியும் வேண்டும். இடம் பெயர்ந்து குழாயில் சிக்கி அழுகினால் தொட்டி முழுதும் நஞ்சாகும். சிறு தொட்டியில் அதனைத் தவிர்ப்பதே தக்கது. மெரூன் நிறக் கோமாளி இனத்தையும் தவிர்க்கலாம். அது பெரிதாக வளர்வது, சினம் மிக்கது.

உளுவை இனத்தில் நல்ல மீன்கள் பல உள. கோலா செப்பத்தாங் சதுப்புக் காட்டில் சேற்றின்மேல் துள்ளும் மீனைக் கண்டவர்க்கு அக்குலம் அறிமுகமானதே. தொட்டிக்கு ஏற்றது மஞ்சள் உளுவை, 10 செ.மீ. அளவு வளரும். மணலில் வளை தோண்டி வாழும் சிறு இறால் ஒன்றோடு இது கூட்டுக்குடித்தனம் நடத்துகிறது. கொடுக்கைச் சொடுக்கி ஒலி எழுப்பும் அந்த இறாலுக்குக் கண் கூர்மை இல்லை. அது மண்ணை அள்ளி வெளியே கொட்ட வரும்போது தன் நீண்ட உணர்கொம்பை உளுவையின் உடல்மேல் வைத்துக்கொள்கிறது. பகை தெரிந்தால் உளுவை வாலை அசைக்கும், இறால் உள்ளே ஓடும், உளுவையும் பின்தொடரும். வீடு கட்டுபவன் ஒருவன், காவல் காப்பவன் ஒருவன். இரண்டு விரல் கட்டை மணலும் சில கல்லும் இட்டால் வகுப்பறையிலேயே மாணாக்கர் இதனைக் காணலாம். ஒரு தொட்டி வைத்ததற்கு இதைவிடப் பயன் வேறென்ன வேண்டும்?

நெருப்பு நிற வாலும் கொடிபோல் நிமிர்ந்த முதுகுத் துடுப்பும் உடைய தீமீனும் வளை விட்டு அதிகம் அகலாதது; 8 செ.மீ. அளவினது, சாதுவானது. அஞ்சினால் வளைக்குள் பாயும். வளை கிட்டாவிட்டால் தொட்டிக்கு வெளியே பாயும். எனவே கம்பி வலை மூடி இன்றி இதனை வாங்கவேண்டா. இந்தோனேசியாவின் சுலாவேசிக்கு அருகில் உள்ள பங்காய்த் தீவுகளில் மட்டும் இயற்கையாக வாழும் பங்காய்க் கார்டினல் மீனும் ஏற்றதே. கருங்கோடும் வெண்புள்ளியும் கொண்ட இதில், முட்டைகளை வாயில் வைத்துக் காப்பது தந்தை. குஞ்சுகள் வெளிவரும் வரை வாரக் கணக்கில் அது இரை உண்பதில்லை. வாழிடம் மிகக் குறுகியதாலும் மிகுதியாகப் பிடிக்கப்பட்டதாலும் 2007இல் இது அழியும் நிலை உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. ஆகவே பண்ணையில் பிறந்ததாயின் வாங்கலாம்; கடலில் பிடித்ததாயின் கூடாது.

நீல நிற டாம்சல் மீன்களைப் பற்றி ஒரு சொல். மலிவு, உறுதி, அழகு மூன்றும் உண்டு, குணம் இல்லை. சிறு தொட்டியில் முதலில் புகுந்த டாம்சல் முழுத் தொட்டியையும் தன் சொத்தாக எண்ணி, பின் வருவதை எல்லாம் கடித்துத் துரத்தும். சாதுவான மீன் முதலிலும் முரடான மீன் கடைசியிலும் வருவதே முறை. டாம்சல் வராமலே இருப்பது இன்னும் நலம்.

கடைக்காரர் காட்டும் வேறு சில மீன்கள் உண்டு. படத்தில் கோமாளி மீனுக்குத் தோழியாய் வந்த நீலத் தாங்கு மீன் கையளவுக் குஞ்சாகக்கூட இன்றி, விரலளவில் விற்கப்படுகிறது. வளர்ந்தால் 30 செ.மீ.; கடலில் நெடுந்தொலைவு திரிவது. இலைபோல் மிதக்கும் இளம் வௌவால் மீன் (சந்தையில் விற்கும் வாவல் வேறு) அரை மீட்டர் வரை வளரும். களவா இனத்துக் குஞ்சு, தொட்டித் தோழர்களை ஒவ்வொன்றாக விழுங்கித் தொட்டியின் அளவுக்குப் பெரிதாகும். வண்ணத்துப்பூச்சி மீன்களுள் பல உயிருள்ள பவளத்தை அன்றி வேறொன்றையும் தொடா. வேறு இரை எதனை இட்டாலும் அவை பட்டினி கிடந்து மாளும். பட்டுச் சேலைபோல் வண்ணம் பூண்ட மாண்டரின் மீன், கல்லில் ஊரும் நுண்ணுயிர்களை நாள் முழுதும் பொறுக்கித் தின்பது. சிறு தொட்டியில் உள்ள இரை அதற்குச் சில வாரமே காணும். பிற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுயிர்களைத் தின்று துப்புரவு செய்யும் சிறு நீலக்கோட்டு மீனுக்கும் இதே கதி. கடற்குதிரைக்கு ஓடும் நீரில் போட்டியிட்டு உண்ணத் தெரியாது. இவை அழகற்றவை என்பதன்று. இவற்றின் உலகம் பெரிது, அல்லது இவற்றின் உணவு தொட்டியில் விளைவதன்று.

கடையில் நின்று செய்ய வேண்டுவன சில. மீன் இரை எடுப்பதைக் கண்ணால் காட்டச் சொல்லிக் கேட்கவேண்டும். அன்று வந்திறங்கிய மீனை வாங்கவேண்டா. ஒரு வாரம் கடையில் இருந்து உண்டதையே வாங்கவேண்டும். விரைந்து மூச்சு வாங்குவது, உடம்பைக் கல்லில் தேய்ப்பது, உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளி உடையது ஆகியவற்றை நீக்கவேண்டும். வீட்டுக்கு வந்தபின் மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது, முன்பே நலமாக வாழும் மீன்களைக் காக்கும்.

உண்பதைக் காட்டச் சொல்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. 1960களில் பிலிப்பைன்சு நாட்டில் தொடங்கிப் பிற கடல்களுக்கும் பரவிய ஒரு பிடிமுறையில், பவளப் பொந்துகளில் சயனைடு நீரைப் பீய்ச்சி மயங்கிய மீனை அள்ளுவர். பவளம் அவ்விடத்திலேயே மடிகிறது. மீனோ உள்ளுறுப்புக் கெட்டும் அழகு குன்றாது கடைக்கு வந்து, வாங்கியவர் வீட்டில் சில வாரம் கழித்துச் சாகிறது. வாங்கியவர் தம் நீரையே நொந்துகொண்டு மற்றொரு மீனை வாங்குகிறார். கடலில் மற்றொரு பொந்து வெறுமையாகிறது. நன்னீர் அலங்கார மீன்களுள் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களுள் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாரிலிருந்து பிடிக்கப்படுபவை. இந்த வேற்றுமை வாங்குவோர் மனத்தில் இருத்தல் வேண்டும். 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்தின் கீழ் தியோமான், ரெடாங், பாயார் முதலிய தீவுகளைச் சூழ்ந்த கடல் காக்கப்படுகிறது. விடுமுறைக்குச் சென்றவர் ஒரு பவளத் துண்டையோ குஞ்சையோ எடுத்துவரலாகாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986இல் கடல் தேசியப் பூங்காவாயின. பவளமும் கடற்குதிரையும் 2001 முதல் இந்தியச் சட்டத்தின் காவலில் உள்ளன.

அந்த மன்னார் வளைகுடாவின் கரையிலிருந்தே மாற்று வழியும் ஒன்று வந்திருக்கிறது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பெற்று நெடுங்காலம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1971இல் தலைமையிடம் கொச்சிக்கு மாறிய பின்னும் மண்டபத்தில் அதன் ஆய்வு தொடர்கிறது. அங்கும், கேரளத்து விழிஞ்ஞத்திலும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் மையத்திலும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறைகள் உருவாயின. தொட்டியிலே பிறந்த குஞ்சு முதல் நாளிலிருந்தே தொட்டி இரைக்குப் பழகியது; கண்ணாடிச் சுவரைக் கண்டு அஞ்சாதது. விலை சற்றுக் கூடினும் அதுவே சிக்கனம். பண்ணை மீனா, கடல் மீனா என்று கடைக்காரரை ஒவ்வொருவரும் கேட்கத் தொடங்கினால், அவரும் தமக்கு அனுப்புவோரைக் கேட்பார்.

தேர்வு செவ்வையாக அமைந்து, சோடி நிலைபெற்றால், ஓராண்டு ஈராண்டில் கோமாளி மீன்கள் தொட்டியிலேயே முட்டையிடும். மண்ணோடு ஒன்றையோ தட்டையான கல்லையோ ஆண் மீன் வாயால் கொத்தித் துடைப்பது அதற்கு முன்னறிகுறி. நூற்றுக்கணக்கான செம்மஞ்சள் முட்டைகளை ஆண் துடுப்பால் விசிறிக் காக்கும். சில நாளில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளி நிறக் கண் இரண்டு தெரியும். ஏறத்தாழ ஏழு எட்டு நாள் கழித்து, இருட்டிய பின், குஞ்சுகள் வெளிவரும். கோழிக்குஞ்சுபோல் அவை தாய் தந்தையைத் தொடர்வதில்லை, நீரோட்டத்தில் மிதப்பன, வேறு தொட்டிக்கு மாற்றாவிடின் இரையாகிவிடும். அவற்றின் வாய்க்கு ஏற்ற முதல் உணவு ரோட்டிபர் என்னும் நுண்ணுயிர். அதற்கு உணவு பச்சைப் பாசிநீர். சாளரத்தோரம் நாலைந்து போத்தல்களில் பாசிநீரை முன்கூட்டியே வளர்த்து வைத்தவருக்கே குஞ்சுகள் பிழைக்கும். இரண்டு வாரம் சென்றபின் முதல் வெள்ளைப் பட்டை தோன்றும்.